கோயாசான்: முழங்கால் வலியுள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா?

அம்மாவோடு ஜப்பானில் இருக்கிறேன். அவருக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நாளை மறுநாள் ஒரே ஒரு பகல்தான் மீதி. ஒசாகாவிலிருந்து, மலைமேல் பௌத்தக் கோயில்கள் நிறைந்த ஊரான கோயாசானுக்குப் போய் அன்றே திரும்ப வேண்டும்.

கியோத்தோவில் ஃபுஷிமி இனாரி கோயிலுக்குப் போனோம். பாதி மலைகூட ஏற முடியவில்லை. படி ஓரத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, மேலே வரிசையாகப் போகும் சிவப்புத் தோரண வாசல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கியோமிசு கோயிலின் ஏற்றத்தில் நின்று நின்று ஏறினார், மறுநாள் முழுக்க அறையிலேயே படுக்கை. நாராவில் தொதாய்ஜி கோயில் சமதரை, அங்கே சிரமமே இல்லை.

கோயாசானைத் தவறவிட எனக்கு மனமில்லை. 816இல் கூகாய் என்ற பௌத்தத் துறவி அமைத்த இடம். அவர் இன்னும் தியானத்தில் இருப்பதாக நம்பி, தினமும் இரண்டு வேளை உணவு கொண்டுபோய் வைக்கிறார்கள். அதைச் சொன்னதும் அம்மா, "அப்போ ஜீவசமாதிதான்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து மலையடிவாரத்துக் கோகுராகுபாஷி வரை ரயில், அப்புறம் கேபிள் கார், மேலே பேருந்து, அதுவரை சரி. கூகாயின் சமாதி உள்ள ஒகுனோயின் மயானத்துக்குள், இச்சினோஹாஷி என்ற நுழைவுப் பாலத்திலிருந்து 2 கிலோமீட்டர் கல்பாதை என்பதால் அந்த வழியை விட்டுவிட்டேன். ஒகுனோயின்-மாஎ பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால் தூரம் பாதியாகக் குறைகிறது. சமாதிக்கு முன்னுள்ள விளக்கு மண்டபத்துக்குப் படி உண்டு என்று மட்டும் தெரியும்.

அண்மையில் போனவர்கள் சொல்லுங்கள்: அந்த நிறுத்தத்திலிருந்து விளக்கு மண்டபம் வரை, கைத்தடியோடு மெதுவாக நடக்கும் ஒருவரால் போய்வர முடியுமா?