ஒறம்பரையாக வரும் விருந்தாளிக்கு ஈரோட்டில் எதை ஊர்ச் சாப்பாடு என்று காட்டுவது?

வாய்க்கால்கரை எழுதியது:

அடுத்த மாதம் எங்கள் சம்பந்தி வீட்டார் தஞ்சாவூரிலிருந்து வந்து மூன்று நாள் எங்களுடன் தங்குகிறார்கள். ஈரோட்டை ஒரு ரயில் சந்திப்பாகவும் ஜவுளிச் சந்தையாகவும் மட்டுமே அறிந்தவர்கள் அவர்கள். சென்ற முறை வந்தபோது பெரிய உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். பலகையில் ‘கொங்கு விருந்து’ என்று எழுதியிருந்தது. இலைக்கு வந்ததோ பனீர் கிரேவியும், ஃப்ரைட் ரைஸும், சாயம் ஏறிச் சிவந்த கோழியும். சம்பந்தி அம்மா எதுவும் குறை சொல்லவில்லை. மறுநாள் காலை எங்கள் வீட்டுக் கொள்ளு ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தார். அன்று எனக்கு உண்டான கூச்சம் இன்னும் தீரவில்லை.

அதனால் இந்த முறை ஒரு முடிவு செய்திருக்கிறேன். ஈரோட்டின் உணவை உணவகங்களில் தேடக்கூடாது, விளைபொருள் வந்து இறங்கும் இடங்களில்தான் தேட வேண்டும். விடியற்காலையில் சம்பத் நகர் உழவர் சந்தை, பிறகு பெருந்துறையில் மஞ்சள் ஏலம், மறுநாள் சித்தோட்டு வெல்லமும் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் செய்தியில் படித்தவர்கள்கூட அந்த மஞ்சளை மூட்டையிலிருந்து கையில் எடுத்து உடைத்து முகர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடியிலிருந்து சர்க்கரை போகிறது என்பதும் வெளியூரார் பலருக்குத் தெரியாது. மூன்று வேளைச் சாப்பாடும் வீட்டிலேயே; அரிசியையும் துவரம்பருப்பையும் ஒரே சட்டியில் வேகவைக்கும் ‘அரிசியும் பருப்பும்’ அதில் முதன்மை. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

திங்கட்சந்தை எழுதியது:

ஐயா, தங்கள் திட்டத்தில் சந்தைகள் இருக்கின்றன, ஆனால் இந்த ஊர் மக்கள் அன்றாடம் சாப்பிடும் இடம் ஒன்றுகூட இல்லை. ஒரு மோசமான உணவகத்தில் பட்ட அனுபவத்தை வைத்து ஊரின் கடைகள் அனைத்தையும் தள்ளிவிடுவது நியாயமாகப் படவில்லை.

நான் ஜவுளித் தொழிலில் இருப்பவன். திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் முழுவதும் நடக்கும் வாரச் சந்தைக்குக் கேரளம், கர்நாடகம், ஆந்திரத்திலிருந்தெல்லாம் வியாபாரிகள் வருகிறார்கள். இரவு முழுவதும் விழித்திருந்து மூட்டை கட்டுபவர்களுக்கும், சுமை தூக்குபவர்களுக்கும், வண்டி ஓட்டி வந்தவர்களுக்கும் சாப்பாடு போட்டே இந்த ஊரின் இரவுப் பரோட்டாக் கடைகள் வளர்ந்தன. கலக்கி என்னும் பண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையை மிளகும் உப்பும் சேர்த்து அடித்து, சில கடைகளில் ஒரு கரண்டிக் குழம்பும் விட்டு, எண்ணெய் தடவிய கல்லில் ஊற்றி, அரை நிமிடத்துக்குள், உள்ளே இன்னும் இளகிக் கிடக்கும்போதே மடித்து எடுத்துவிடுகிறார்கள். பக்கத்து நாமக்கல் மாவட்டத்தில் அத்தனை கோழிப் பண்ணைகள் இருப்பதற்கும், இந்தப் பக்கத்துக் கடைகளில் கலக்கி இல்லாத பலகையே இல்லை என்பதற்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

எங்கள் தேநீர்க் கடைக்குப் பேக்கரி என்றுதானே பெயர்? கண்ணாடிப் பெட்டியில் தேங்காய் பன், பக்கத்தில் கொதிக்கும் பால், வாசலில் நின்று பேசும் கூட்டம் என்று எந்த நேரத்திலும் திறந்திருக்கும் அந்த இடத்தைப் பார்க்காமல் போகும் விருந்தாளி ஈரோட்டைப் பார்த்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புன்செய் எழுதியது:

இருவரும் ஊரின் ஒரு பக்கத்தை மட்டுமே பேசுகிறீர்கள். நான் காங்கயம் பக்கத்தவன். மேற்கு மலையின் மழை மறைவில் கிடக்கும் மேட்டு நிலமே கொங்கின் பெரும்பகுதி. கம்பு, சோளம், ராகி, கொள்ளு, கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் மேய்ந்த ஆடும் மாடும் என்பதே எங்கள் உணவு. நெல்லுச் சோறு நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கண்ட பண்டம். 1955-ல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகுதான் அரிசி எங்கள் அடுப்புக்கு வந்தது. ஆகவே சம்பந்திக்கு அரிசியும் பருப்பும் பரிமாறி அதைக் கொங்கின் தொன்மை என்று சொல்வது பொருந்தாது.

கொள்ளு ரசத்தை அவர் இரண்டு முறை கேட்டு வாங்கியதில் எனக்கு வியப்பில்லை. வேகவைத்த கொள்ளின் தண்ணீரை வடித்தால் ரசம். மிஞ்சிய கொள்ளைப் பூண்டு, சீரகம், வறுத்த மிளகாயுடன் அரைத்தால் சோற்றில் பிசையக் கொள்ளுப் பருப்பு. ஒரு பிடி கொள்ளில் இரண்டு பண்டம் செய்யக் கற்றது வறண்ட நிலம். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை மட்டும் சொல்லி, இதை மருந்துக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மருந்துக்காக அன்றி, பசிக்காகத் தின்ற பயறு இது.

வாய்க்கால்கரை எழுதியது:

புன்செய் அவர்களே, தங்கள் ஊரைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வது சரி. கொங்கு முழுவதற்கும் அதைப் பொருத்துவதை ஏற்க இயலவில்லை. எங்கள் நிலம் காலிங்கராயன் வாய்க்காலில் பாய்வது. பவானி ஆற்றில் அணை கட்டி வெட்டிய அந்த வாய்க்கால் 1283-ல் முடிந்தது. கோபிசெட்டிபாளையம் பக்கம் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும் கீழ்பவானித் திட்டத்துக்கு மிகவும் முந்தியவை. ஆற்றோரத்து மக்கள் பல நூறு ஆண்டுகளாக நெல் விளைத்தவர்கள். கீழ்பவானிகூட எல்லா நிலத்தையும் நெல் வயலாக மாற்றவில்லை. 2,07,000 ஏக்கர் பாசனத்தில் ஒரு போகத்துக்குப் பாதி மதகுகளுக்கு நெல்லுக்கான தண்ணீர், அடுத்த போகத்தில் மறுபாதிக்குக் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிருக்கான தண்ணீர் என்று முறை வைத்தே விடுகிறார்கள்.

அரிசியும் பருப்பும் செய்யும் சட்டியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அரிசியும் மஞ்சளும் வாய்க்கால் பாயும் வயலிலிருந்து வந்தவை. துவரை மானாவாரிக் காட்டிலிருந்து வந்தது. மேலே விடும் நெய் ஊத்துக்குளிப் பக்கத்துத் தொண்டுப்பட்டி என்னும் மாட்டுப்பட்டியிலிருந்து வந்தது. தங்கள் நிலமும் என் நிலமும் அதில் ஒன்றாக வேகின்றன. அதைத் தொன்மை என்று நான் சொல்லவே இல்லை; ஈரோடு இருக்கும் இடம் இரண்டு நிலமும் சந்திக்கும் இடம் என்பதால், அது இந்த ஊருக்கு உரியது என்கிறேன்.

அம்மிக்கல் எழுதியது:

வாய்க்கால்கரை அண்ணா, மூன்று வேளையும் வீட்டிலேயே என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். மூன்று நாளுக்கு ஒன்பது வேளை. அதை யார் சமைக்கப் போகிறார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

இடியாப்பம் போன்ற சந்தகையைச் செய்வது என்றால் என்ன என்று சொல்கிறேன். முந்தைய நாளே புழுங்கலரிசியை ஊறப்போட்டு, கெட்டியாக அரைத்து, இட்லியாக வேகவைத்து, ஆவி பறக்கும்போதே மரத்திலோ இரும்பிலோ செய்த சந்தகைப் படியில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் எத்தனை பலசாலி அழுத்தினாலும் இறங்காது. ஒருவர் வேகவைத்து எடுத்துத் தர, இன்னொருவர் முழு உடம்பின் பாரத்தையும் கொடுத்து அழுத்த வேண்டும். பிறகு எலுமிச்சை தாளித்தது ஒரு பங்கு, எள்ளுப்பொடி போட்டது ஒரு பங்கு, தேங்காய்ப்பாலும் வெல்லமும் விட்டது ஒரு பங்கு. பத்துப் பேர் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். என் மாமியார் கடைசிக் காலத்தில் தோளைத் தூக்க முடியாமல் இருந்ததற்கு இந்தப் படியும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புன்செய் அண்ணாவுக்கும் ஒரு வார்த்தை. கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, உமி நீக்கி, மறுபடி குத்தி உடைத்து, கட்டி விழாமல் கிண்டிச் சோறாக்கியது எங்கள் தலைமுறைக்கு முந்திய பெண்கள். கம்மஞ்சோறு வீடுகளிலிருந்து மறைந்ததற்கு வாய்க்கால் தண்ணீரையும் நியாயவிலைக் கடை அரிசியையும் மட்டும் காரணம் சொல்கிறார்கள். உலக்கையைக் கீழே வைக்க வாய்ப்புக் கிடைத்ததும் பெண்கள் அதை வைத்துவிட்டார்கள் என்பதும் காரணம்தான். அதற்காக அவர்களைக் குறை சொல்ல நான் ஒப்பமாட்டேன்.

இப்போது அரவை இயந்திரம் இருக்கிறது, கடையில் உடைத்த கம்பே கிடைக்கிறது. கோடையில் தள்ளுவண்டியில் கம்பங்கூழ் கரைத்துக் கொடுப்பவர்களும், வீட்டில் சந்தகை பிழிந்தும் ஒப்பிட்டு என்னும் போளி தட்டியும் கச்சாயம் என்னும் இனிப்புப் பலகாரம் சுட்டும் விற்கும் பெண்களும் இருக்கிறார்கள். விருந்தாளியை அவர்களிடம் அழைத்துப் போய்க் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுங்கள். அந்த உழைப்புக்கு விலை உண்டு என்பது சம்பந்தி வீட்டாருக்கும் தெரியட்டும்.

பள்ளிபாளையத்தான் எழுதியது:

சாயம் ஏறிய கோழி என்று முதல் பதிவில் படித்ததால் எழுதுகிறேன். ஈரோட்டுக்கும் எங்கள் ஊரான பள்ளிபாளையத்துக்கும் நடுவே காவிரி மட்டுமே ஓடுகிறது. எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய கோழியில் சேர வேண்டியவை மிகச் சில: எலும்போடு சிறிதாக வெட்டிய கறி, சின்ன வெங்காயம், கிள்ளி விதை உதிர்த்த காய்ந்த மிளகாய், மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், எண்ணெய். கறி தன் நீரிலேயே வெந்து சுண்ட வேண்டும். மல்லித்தூளும் கரம் மசாலாவும் அதற்கு வேண்டியதில்லை. சிவப்பு நிறம் மிளகாய்த் தோலிலிருந்து வர வேண்டும். சோளமாவில் புரட்டிப் பொரித்து, குடைமிளகாய் வெட்டிப்போட்டுக் கொடுப்பதை வேறு எந்தப் பெயரிட்டும் விற்கலாம். எங்கள் ஊர்ப் பெயரை விட்டுவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

திங்கட்சந்தை எழுதியது:

சாயம் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் தூய்மை பேசும்போது ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தங்கள் கோழியின் உயிரே காய்ந்த மிளகாய். அந்த மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்; போர்ச்சுக்கீசியர் வந்த பிறகே இந்த நாட்டுக்கு வந்தது. புன்செய் அவர்களின் காட்டில் விளையும் நிலக்கடலையும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான். காலிங்கராயன் காலத்து அடுப்பில் இவை இரண்டும் இருந்திருக்க வழியில்லை. அவற்றை நம்முடையவை என்று ஏற்றுக்கொண்ட நாம், பரோட்டாவையும் பேக்கரியையும் மட்டும் வெளியார் பண்டம் என்று வாசலில் நிறுத்துவது எந்த அளவுகோலால்?

அம்மிக்கல் அக்கா சொன்னது என் பக்கத்து வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. கடையில் சாப்பிடுவதால் உண்மை குறைந்துவிடாது.

புன்செய் எழுதியது:

அளவுகோல் என்னிடம் இருக்கிறது. மிளகாய் வந்தது, நம் மண்ணில் வேர் பிடித்தது, நம் உழவர் அதை விளைத்தார், நம் வெயிலில் காய்ந்தது. ஃப்ரைட் ரைஸுக்கு ஊற்றும் சாஸ் புட்டியில் வந்து புட்டியாகவே காலியாகிறது. அதனால் இந்த ஊரில் ஒரு காடும் விளையவில்லை. கலக்கியை இந்த அளவுகோலில் நான் ஏற்றுக்கொள்கிறேன், முட்டை இங்கே விளைவது. மைதாவை ஏற்க மனம் வரவில்லை.

காலிங்கராயன் பற்றிய திருத்தத்தை ஒப்புக்கொள்கிறேன். என் மேட்டு நிலத்தையே கொங்கு முழுதும் என்று எண்ணி எழுதிவிட்டேன். அம்மிக்கல் அம்மணி எழுதியதைப் படித்த பிறகு என் பாட்டியின் கைகளை நினைத்துக்கொண்டேன். அவருடைய உள்ளங்கை உலக்கைப் பூண் போலக் காய்த்திருக்கும்.

இத்தனை பேர் எழுதியும், இந்த மண்ணின் பானத்தை ஒருவரும் தொடவில்லை. 1987 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. எல்லை தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போனால் கள்ளுக்கடை பலகை வைத்து நடக்கிறது. பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் அதே மரத்தில் ஏறினால் வழக்கு. 2017-ல் நீரா என்னும் புளிக்காத தென்னம்பாளைச் சாற்றை இறக்க அரசு அனுமதி கொடுத்தது நல்ல தொடக்கம். ஆனால் நீரா சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். பாளையிலிருந்து சொட்டும்போதே குளிர்ச்சியில் பிடித்து, குளிர்ச்சி குலையாமல் கடை வரை கொண்டுவர வேண்டும். அந்தச் செலவைச் சிறு விவசாயி தாங்க முடியாததால், தென்னை நிறைந்த நாட்டில் விருந்தாளிக்கு ஒரு குவளை நீரா வாங்கிக் கொடுக்கத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. இளநீரும் கரும்புப்பாலும் இல்லாவிட்டால் நாம் கொடுப்பதற்குத் தேநீர் மட்டுமே மிஞ்சும்.

வாய்க்கால்கரை எழுதியது:

அம்மிக்கல் அவர்கள் கேட்ட கேள்வியை நேற்று இரவு வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மனைவி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “ஒன்பது வேளையில் மூன்று வேளை நான் செய்கிறேன், மீதியை வெளியே பாருங்கள்” என்றார். ஆகவே என் முதல் முடிவை மாற்றிக்கொள்கிறேன்.

முதல் நாள் வீட்டில் அரிசியும் பருப்பும், கொள்ளு ரசம். திங்கள் இரவு திங்கட்சந்தை அவர்கள் சொன்னபடி ஜவுளிச் சந்தையைச் சுற்றிவிட்டுக் கலக்கி. பரோட்டாவில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. சம்பந்தி கேட்டால் மட்டுமே வாங்குவேன். சித்தோட்டில் வெல்லம் வாங்கும்போது வெளிறிய மஞ்சள் அச்சை விட்டுவிட்டு, கருத்த பழுப்பாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கொடுப்பேன். பள்ளிபாளையம் கோழியை ஆற்றைக் கடந்து போய் அங்கேயே சாப்பிடுவதாக இருக்கிறோம்.

சந்தகை ஒன்றுதான் பாக்கி. அம்மிக்கல் அவர்களே, விலைக்குப் பிழிந்து கொடுப்பவர்களிடம் எப்படிச் சொல்லி வைப்பது?

அம்மிக்கல் எழுதியது:

முந்தைய நாள் மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள் அண்ணா, அரிசி ஊற வேண்டும். எத்தனை பேர் என்பதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாமல் சரியாகச் சொல்லுங்கள். தேங்காய்ப்பாலுக்கு ஒரு தூக்குப்போசியும், சந்தகைக்கு அகன்ற போசி ஒன்றும் கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வெந்த சூட்டில் நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காலை ஏழு மணிக்குச் சம்பந்தி அம்மாவையும் உடன் அழைத்துப் போங்கள். அந்த நேரத்தில்தான் பிழிவார்கள்.