அரசியல் சட்டம் கேட்காததை வாக்காளர் கேட்கலாமா?

கேள்வி:
எந்தப் பதவிக்கும் மதத்தைத் தகுதியாகக் கோரக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாவது பிரிவு ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. அப்படியிருக்க, அதிபர் வேட்பாளர்கள் தங்கள் இறைநம்பிக்கையை மேடையேறி விளக்க வேண்டியிருப்பது ஏன்? அந்தப் பிரிவை நான்தான் தவறாகப் படிக்கிறேனா?

மறுமொழி 1:
சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். ஆனால் அந்தப் பிரிவு அரசின் கையைக் கட்டுகிறதே தவிர, வாக்குச்சாவடிக்குள் நுழைவதில்லை. 1928 அதிபர் தேர்தலில் கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் ஜனநாயகக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்டபோது, வழக்கமாக அக்கட்சியைக் கைவிடாத டெக்சாஸும் வர்ஜீனியாவும்கூடக் குடியரசுக் கட்சியின் ஹூவர் பக்கம் சாய்ந்தன. மதுவிலக்கை ஸ்மித் எதிர்த்ததும் ஒரு காரணம் என்றாலும், போப்பாண்டவரின் ஆணை வெள்ளை மாளிகைவரை நீளும் என்ற அச்சம் பரப்பப்பட்டது உண்மை. அந்த அச்சத்துக்குப் பதில் சொல்லத்தான் கத்தோலிக்கரான கென்னடி 1960 செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டனின் ரைஸ் ஹோட்டலில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் முன் நின்றார். தாம் கத்தோலிக்கர்களின் வேட்பாளர் அல்லர், ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் என்றும், மனச்சாட்சிக்கும் நாட்டு நலனுக்கும் இடையே ஒன்றைப் பலியிட வேண்டிய நிலை வந்தால் பதவி விலகுவதாகவும் சொன்ன அவர், பேச்சு முடிந்தபின் போதகர்களின் கேள்விகளுக்கும் விடையளித்தார்.

மறுமொழி 2:
கென்னடியோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும். 1976இல், ஞாயிறு பள்ளியில் வேதம் கற்பித்துவந்த கார்ட்டர், தாம் மறுபடியும் பிறந்த கிறிஸ்தவர் என்று வெளிப்படையாகவே சொல்லி வென்றார். ஆனால் 1980இல், அவரை எதிர்த்து நின்ற, மணமுறிவு பெற்று மறுமணம் செய்திருந்த ரீகனுக்கே சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் (வேதத்தையும் மறுபிறப்பையும் வலியுறுத்தும் புராட்டஸ்டன்டுகளில்) பெரும்பகுதியினர் வாக்களித்தார்கள். வேட்பாளரின் பக்தியைவிட, கருக்கலைப்பு போன்ற விவகாரங்களில் அவர் யார் பக்கம் என்பதே பெரிதாகிவிட்டது என்று நான் கருதுகிறேன். இந்த மாற்றத்தின் நடுவே சிக்கியவர், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற மிட் ராம்னி. சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் பலர் கிறிஸ்தவமாகவே ஏற்காத மார்மன் திருச்சபையைச் சேர்ந்தவர் அவர். 2007 டிசம்பரில் டெக்சாஸில் பேசியபோது, திருச்சபைத் தலைவர்கள் தமக்குக் கட்டளையிட மாட்டார்கள் என்று கென்னடியைப் போல உறுதியளித்த அவர், இயேசு இறைமகன் என்று தாம் நம்புவதையும் அதே மூச்சில் அறிக்கையிட வேண்டியிருந்தது. அந்த நீண்ட உரையில் ‘மார்மன்’ என்ற சொல் ஒரே ஒருமுறைதான் வந்தது!

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் கத்தோலிக்கர் என்ற தடை இப்போது முற்றிலும் நீங்கிவிட்டதா?

மறுமொழி 1:
வாக்காளரிடம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. சிக்கல் திருச்சபையின் பக்கம் போய்விட்டது. கென்னடி ஆயர்களுக்குக் கீழ்ப்படிந்துவிடுவாரோ என்று அன்று அஞ்சினார்கள். இரண்டாவது கத்தோலிக்க அதிபரான பைடனையோ, கருக்கலைப்பில் திருச்சபையின் போதனைக்குக் கீழ்ப்படியவில்லை என்று ஆயர்கள் சிலரே கண்டித்தார்கள். 2019 அக்டோபரில், தென் கரோலைனாவின் ஃபுளோரன்ஸ் நகரில் அப்போது வேட்பாளராக இருந்து ஞாயிறு திருப்பலிக்குச் சென்ற அவருக்கு, அங்கிருந்த பாதிரியார் நற்கருணை வழங்க மறுத்துவிட்டார்.