எம்பெடிங்: ‘உட்பொதிப்பு’ சரிப்படுமா?

ஐயா, கணினிக்காகச் சொற்களை எண்வரிசைகளாக மாற்றும் ‘வேர்டு எம்பெடிங்’குக்கு நீங்கள் சொல்லும் ‘சொல் உட்பொதிப்பு’ எனக்கு ஒட்டவில்லை. வலைப்பக்கத்தில் காணொளியைச் செருகுவதற்கும், சலவை எந்திரத்துக்குள் இருக்கும் சிறு கணினிக்கும் ஏற்கெனவே ‘உட்பொதி’தான் புழங்குகிறது. தவிர, ‘பொருள் பொதிந்த சொல்’ என்கிறோமே, அங்கே ‘உள்’ எதற்கு?

எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று பார்ப்போம். சொல்லை எண்ணாக்கும் எளிய வழியில், ஒரு லட்சம் சொற்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சம் கட்டங்கள். ஒன்றில் 1, மற்றதெல்லாம் 0. இதில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் எவ்வளவு தூரமோ, ஆட்டுக்கும் வட்டிக்கும் அவ்வளவே. 2013-இல் கூகுளில் உருவான வேர்ட்டூவெக் என்ற கருவி, அக்கம்பக்கச் சொற்களை வைத்து இதைச் சில நூறு எண்களுக்குள் கொண்டுவருகிறது, பெரும்பாலும் 300. கொண்டுவரும் செயல் வேறு, கிடைக்கும் எண்வரிசை வேறு. வரிசைக்குச் ‘சொல் திசையன்’ (வெக்டர்) போதும். திசையனை இலங்கையில் ‘காவி’ என்பார்கள். நமக்குப் பெயர் வேண்டியது செயலுக்கு.

‘சொற்சார்பு’ என வைக்க ஆசைதான். பலபொருள் ஒருசொல்லை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்கிறது தொல்காப்பியக் கிளவியாக்கம். ‘மா பூத்தது’ என்றால் மரம். ஆனால் தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூலில் ‘சார்பு’ என்றால் ஃபங்ஷன். தொடர்ப் பகுப்பில், ஒரு சொல் இன்னொன்றை இலக்கணப்படி சார்ந்திருக்கும் டிபென்டன்சிக்கும் அதுவே. மூன்றாவது சுமை தாங்காது.

அதோடு வேர்ட்டூவெக் அக்கம்பக்கச் சொற்களாகிய சார்பைப் பழகும்போதுதான் பார்க்கிறது. முடிவில் ‘மா’வுக்கு ஒரே வரிசை: மரம், குதிரை, அரிசிமா எல்லாம் அதில் கலந்துகிடக்கும். 2018-இல் வந்த பெர்ட் என்ற மொழி மாதிரி வாக்கியத்துக்கு வாக்கியம் வேறு வரிசை தருகிறது. ஃபாஸ்ட்டெக்ஸ்ட் என்ற இன்னொரு கருவி சொல்லைத் துண்டாக்குகிறது. அதுவும் யூனிகோடு குறிகளை எண்ணி. அதன் கணக்கில் ‘படி’ மூன்று குறி (ப, ட, இகரக் குறி), ‘டி’ உடைந்து ஒரு துண்டு வெறும் இகரக் குறியில் தொடங்கலாம். ஆகவே ‘சொல்’லைப் பெயரோடு இறுக்கிக் கட்டக்கூடாது.

என் தேர்வு வெறும் ‘பொதிவு’. நிலைப் பொதிவு (வேர்ட்டூவெக் போல), சூழற் பொதிவு (பெர்ட் போல), துண்டுப் பொதிவு (ஃபாஸ்ட்டெக்ஸ்ட் போல), தொடர்ப் பொதிவு, பொதிவு வெளி என்று எளிதாகச் சேரும். வினையும் கையிலேயே இருக்கிறது: பொதி, பொதித்தான். பொட்டலம் கட்டுவதுபோல ஒலிக்கிறது என்பீர்கள். இருக்கட்டும், அதுவும் தவறில்லை.

ஒரு சங்கடம் உண்டு. புணர்த்திச் ‘சொற்பொதிவு’ என்று எழுதினால் பிழைதிருத்தி அதைச் ‘சொற்பொழிவு’ ஆக்கிவிடக்கூடும். இடம்விட்டுச் ‘சொல் பொதிவு’ என்றே எழுதலாம் என்பேன். சந்தியை விடமுடியாது என்பவர்கள் மாற்றுச்சொல் தரட்டும்.