நமியே அமுரோவை இன்று கேட்பது எப்படி? தெரிந்தவர்கள் பகிரும் விவரங்கள்

2023 நவம்பரில் ஜப்பானியப் பாப் பாடகி நமியே அமுரோவின் பாடல்கள் ஸ்ட்ரீமிங் தளங்களிலிருந்து மறைந்துவிட்டன. எனவே இனி சிடி வாங்கித்தான் கேட்க வேண்டும். முதலில் ‘ஃபைனலி’ தொகுப்பை வாங்கத் தோன்றும். 3 வட்டுகள், 52 பாடல்கள். ஆனால் பழைய பாடல்கள் பலவற்றை அதில் 40 வயதுக் குரலில் புதிதாகப் பாடியிருக்கிறார். ஜப்பானை ஆட்டிவைத்த அந்த 18, 19 வயதுக் குரல் வேண்டுமென்றால், 1996 ஜூலையில் வந்த ‘ஸ்வீட் 19 ப்ளூஸ்’ ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள்.

* * *

ஆல்பம் சரி. 90களின் சிங்கிள், அதாவது ஓரிரு பாடல்கள் மட்டும் உள்ள சிடி, வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவை 8 செ.மீ. குட்டி சிடிக்கள், நீளமான அட்டை உறையில் வரும். காரிலும் சில மடிக்கணினிகளிலும் உள்ள, வட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை டிரைவில் போட்டுவிடாதீர்கள். அது 12 செ.மீ. வட்டுக்கென்றே செய்தது, குட்டி வட்டு உள்ளே சிக்கிக்கொள்ளும். தட்டு வெளியே நீளும் வகை டிரைவென்றால், தட்டின் நடுவில் சிறு பள்ளம் இருக்கும், அதில் வைத்தால் போதும். குட்டி வட்டைப் பெரிதாக்கச் சுற்றிலும் மாட்டும் பிளாஸ்டிக் வளையம் கணினி டிரைவுக்கு ஆகாது. வேகமாகச் சுழலும்போது சமநிலை தவறும்.

* * *

டிவிடிக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: வட்டின் மண்டல எண்ணும் பிளேயரின் மண்டல எண்ணும் பொருந்தினால்தான் ஓடும். ஜப்பான் வட்டு மண்டலம் 2, இந்தியாவில் விற்கும் பிளேயர் மண்டலம் 5. கணினி டிரைவில் மண்டலத்தை மொத்தம் 5 முறைதான் மாற்றலாம், பிறகு பூட்டிக்கொள்ளும். ப்ளூரே என்றால் ஜப்பானுக்கு A, இந்தியாவுக்கு C. வாங்குமுன் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

* * *

பாட்டை மட்டும் கேட்டால் அவர் யாரென்று பாதிதான் தெரியும். ஜப்பானின் தென்கோடித் தீவுப் பகுதியான ஒகினாவாவின் நாஹா நகரில் 1977இல் பிறந்தவர். ஜப்பானின் பெருந்தீவுகளில் ஒகினாவாக்காரர்கள்மேல் நீண்டகாலம் இளக்காரம் இருந்தது. அங்கிருந்து வந்த ஒரு பெண்ணின் தோற்றத்தையே 1996இல் டோக்கியோ இளம்பெண்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்: பழுப்புச் சாயமிட்ட நீளமுடி, மெல்லிய புருவம், குட்டைப் பாவாடை, தடித்த அடியுள்ள பூட்ஸ். அவர்களுக்கு ‘அமுரா’ என்றே பெயர் விழுந்தது. என் கணிப்பில் அவர் சாதித்ததிலேயே பெரியது இதுதான். அவருக்குப் பின் ஒகினாவாவிலிருந்து பாடகர்கள் வருவது யாருக்கும் புதுமையாகப் படவில்லை. 2000இல் ஜி8 மாநாடு ஒகினாவாவில் நடந்தபோது உலகத் தலைவர்கள் முன் பாடியவரும் அவரே.

* * *

அவர் யாரென்று அறிய 1997ஐயும் சேர்க்க வேண்டும். ‘கேன் யூ செலிப்ரேட்?’ சிங்கிள் 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியது, இன்றும் ஜப்பானியத் திருமண விருந்துகளில் ஒலிக்கிறது. அதே ஆண்டு, புகழின் உச்சியில், 20 வயதில் திருமணத்தையும் கர்ப்பத்தையும் ஒன்றாக அறிவித்தார். அந்தக் காலத்தில் அப்படிச் செய்த இளம்பாடகிக்கு வாய்ப்புகள் மங்கிப்போவதே வழக்கம். ஓராண்டு ஒதுங்கியிருந்துவிட்டு, 1998 டிசம்பர் 31 இரவு ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் மேடையில் அதே பாட்டைக் கண்ணீரோடு பாடித் திரும்பினார்.

* * *

2018இல் நடந்த கடைசிச் சுற்றுப்பயணத்தின் வீடியோ ஜப்பானில் 10 லட்சத்துக்குமேல் விற்றது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பாட்டுக்கு நடுவே ரசிகர்களோடு நீண்ட உரையாடலைத் தேடாதீர்கள், அவர் மேடையில் ஏறக்குறைய பேசவே மாட்டார். உடை மாற்றும் நேரம் தவிர, இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆட்டமும் பாட்டும் மட்டுமே. மூச்சை எங்கே எடுக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள்.