பின்டோவின் இடத்தில் எதை அமர்த்துவது? கிட் காருக்கு எஞ்சின் மாற்றிய அனுபவங்கள்

தொடக்கப் பதிவு – லெஸ்டர், இங்கிலாந்து

அனைவருக்கும் வணக்கம். லோட்டஸ் செவன் என்ற சிறிய, கூரையில்லாத இருவர் காரின் வடிவில், ஃபோர்டு சியராவின் உறுப்புகளைக் கொண்டு யாரோ ஒருவர் தம் வீட்டுக் கராஜில் கட்டிய கிட் கார் ஒன்றை ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அதில் இருந்தது ஃபோர்டின் 1993 சிசி பின்டோ எஞ்சின். சென்ற ஆண்டு அதை இறக்கிவிட்டு வேறோர் எஞ்சினை ஏற்றினேன். எதை ஏற்றுவது என்று முடிவுசெய்ய எட்டு மாதங்கள் ஆயின. அவற்றில் பெரும்பகுதி தவறான கேள்வியிலேயே கழிந்தது. மற்றவர்களுக்காவது அந்தக் காலம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பின்டோ மோசமான எஞ்சின் அன்று. வார்ப்பிரும்பில் செய்யப்பட்டதால் கனம் அதிகம், ஆனால் முரட்டு உழைப்பாளி. என் வண்டியில் மேற்பக்கமிருந்து விடாமல் ஒரு தட்டல் சத்தம் கேட்கத் தொடங்கியதும் வால்வு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டின் மேல் எண்ணெய் தெளிப்பதற்கென்று ஒரு மெல்லிய குழாய் அதில் உண்டு. அதன் துளைகளில் இரண்டு கருங்கசடு படிந்து முழுவதும் அடைபட்டிருந்தன. அவற்றுக்கு நேர்கீழே இருந்த கேம் மேடுகள் முனை மழுங்கி, நகத்தால் தடவினாலே பள்ளம் தட்டுப்படும் அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தன. பின்டோ வைத்திருப்பவர்கள் அனைவரும் அறிந்த நோய்தான் இது. புதிய கேம்ஷாஃப்டும் குழாயும் வாங்கிப் பொருத்தியிருக்கலாம். ஆனால் குளிர்காலக் காலையில் கார்புரேட்டரோடு போராடுவதும் சேர்ந்து அலுத்துவிட்டதால், பெட்ரோல் இன்ஜெக்ஷன் உள்ள எஞ்சினுக்கே போவது என்று தீர்மானித்தேன்.

நான் முதலில் கேட்ட கேள்வி, எந்த எஞ்சினில் எத்தனை குதிரைத்திறன் என்பது. கார்புரேட்டர் வைத்த இரண்டு லிட்டர் பின்டோ சியராவில் 105 தந்தது. ஃபோர்டின் இரண்டு லிட்டர் ஜெடெக் எஞ்சின் 130. அதற்கடுத்து வந்த டியூராடெக் 145. இந்த எண்களை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அறுநூறு கிலோவை ஒட்டிய எடையுள்ள வண்டிக்கு இவற்றில் எதுவுமே தாராளம் என்பதால், அந்த ஒப்பீட்டால் எதுவும் தீர்மானமாகவில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: என்னிடம் இருக்கும் கியர்பாக்ஸோடு எது சேரும், என் சேசிஸுக்குள் (வண்டியின் சட்டகத்துக்குள்) எது உட்காரும்? இன்று எளிதாகக் கிடைக்கும் நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களை இயக்குவதற்காகக் குறுக்குவாட்டில் வைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. நாம் அவற்றைத் திருப்பி நெடுக்குவாட்டில் வைக்கிறோம். எல்லாச் சிக்கலும் அந்தத் திருப்பத்தில்தான் பிறக்கிறது. ஜெடெக்கை எடுத்துக்கொண்டால், அதன் தெர்மோஸ்டாட் கூடு கியர்பாக்ஸ் முனையில் இருக்கிறது. எஞ்சினைத் திருப்பி வைத்ததும் அது நேராக எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் போய் இடிக்கும். ஆகவே அதைக் கழற்றிவிட்டு, தண்ணீரை முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் கொண்டுவரத் தனியாக ஒரு குழாய் அமைக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல், எஞ்சினின் அடியில் எண்ணெயைத் தாங்கும் கலமான ஆயில் சம்ப். நான் அட்டைகளை வெட்டி ஒட்டி சம்ப்பின் உயரத்துக்கு ஒரு மாதிரி செய்து, எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் தொங்கவிட்டுப் பார்த்தேன். சேசிஸின் அடிக்குழாய்க்குக் கீழே நான்கு விரற்கடை நீட்டிக்கொண்டு நின்றது. எங்கள் தெருவில் இருக்கும் வேகத்தடை ஒன்றே போதும், அந்த அலுமினிய சம்ப் உடைந்து எண்ணெய் முழுவதும் சாலையில் கொட்டுவதற்கு. உயரம் குறைத்த சம்ப்பை வாங்கும்போது மூன்றைக் கவனியுங்கள்: எண்ணெய் உறிஞ்சும் குழாயும் அதே அளவுக்குக் குறைக்கப்பட்டிருக்க வேண்டும், வளைவுகளில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்காதபடி உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்க வேண்டும், குறைந்த ஆழத்தை ஈடுகட்டப் பக்கவாட்டில் அகலம் கூட்டப்பட்டிருக்க வேண்டும். சம்ப்பில் மிச்சம் பிடிப்பவர் பேரிங்குகளுக்குச் செலவழிப்பார்.

இறுதியில் ஒரு காயலான் கடையில், முதல் தலைமுறை ஃபோர்டு ஃபோகஸிலிருந்து இறக்கிய ஜெடெக் எஞ்சினை வாங்கினேன். கறுப்புப் பிளாஸ்டிக் மூடி கொண்ட பிந்தைய வகை அது. அலுமினிய மூடியுள்ள முந்தைய வகையில் ஹைட்ராலிக் டேப்பெட்டுகள் (கேம்ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் நடுவே இருப்பவை) இருக்கும். இதில் அவை திடமானவை. சியராவின் டைப் 9 கியர்பாக்ஸோடு இதை இணைக்கும் பெல்ஹவுசிங் ஆயத்தமாகவே விற்கிறார்கள் என்பதே என் தேர்வுக்கு முதன்மையான காரணம். பெல்ஹவுசிங், சம்ப், தண்ணீர்க் குழாய், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), வயரிங் ஆகியவற்றுக்கு ஆன செலவு, எஞ்சினுக்குக் கொடுத்ததைப் போல ஐந்து மடங்குக்கு மேல். எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறது என்று அவசரப்பட்டு வாங்குபவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஃபோகஸின் ஈசியூவைப் பயன்படுத்த நான் முயலவில்லை. சாவியில் இருக்கும் சிப்பை அடையாளம் காணாமல் அது எஞ்சினை இயங்க விடாது. தனி ஈசியூ ஒன்றைப் பொருத்தினேன். ஃபோர்டு இந்த எஞ்சின்களில் 36 பற்களுக்கான இடத்தில் ஒன்றை மட்டும் விட்டுவிட்ட சக்கரத்தை வைத்திருப்பதால், அந்த இடைவெளியைக் கொண்டு கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எங்கே நிற்கிறது என்பதைச் சந்தையில் உள்ள ஈசியூக்கள் பெரும்பாலும் தாமே அறிந்துகொள்ளும்.

நான் எதிர்பாராதது பெட்ரோல் டாங்கிலிருந்து வந்தது. பின்டோவின் கார்புரேட்டருக்குச் சிறு அழுத்தம் போதும். இன்ஜெக்ஷனுக்கு மூன்று பார் அளவில் வேண்டும். அதற்கேற்ற பம்பும் திரும்பு குழாயும் போட்டேன். ஆனால் டாங்கில் தடுப்பு இல்லை. கால் டாங்க் பெட்ரோலோடு நீண்ட வளைவு ஒன்றில் திரும்பியபோது பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, எஞ்சின் நடுவளைவில் நின்றுவிட்டது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. அன்றே முடிவுசெய்து, எப்போதும் நிரம்பியிருக்கும் சிறு இடைக்கலம் ஒன்றைப் பம்புக்கு முன்னால் வைத்தேன். இதைச் செய்யாமல் யாரும் இன்ஜெக்ஷனுக்கு மாற வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி – கவென்ட்ரி

ஐயா, சம்ப் பற்றி நீங்கள் எழுதியது ஒவ்வொரு சொல்லும் உண்மை. நான் டியூராடெக்கைத் தேர்ந்தெடுத்தேன். சிலிண்டர் பிளாக்கும் அலுமினியமே என்பதால் முன்பக்கம் தெளிவாக இலகுவானது. டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருப்பதும் பிடித்திருந்தது. ஆனால் அந்த எஞ்சினை வாங்கப்போகிறவர்கள் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அதன் கிராங்க் முனையில் சாவிக்காடி (கப்பியை நழுவாமல் பூட்டும் பள்ளம்) கிடையாது. கப்பி, சங்கிலிப் பல்சக்கரம் எல்லாம் ஒரே போல்ட்டின் இறுக்கத்தால் மட்டுமே பிடித்து நிற்கின்றன. இது தெரியாமல், முன்பக்க ஆயில் சீலை மாற்றுவதற்காக அந்தப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, மீண்டும் கண்ணளவில் பொருத்தி இறுக்கினேன். வால்வு டைமிங் முற்றிலும் தவறிப்போய், ஸ்டார்ட்டரைச் சுழற்றியபோது உலோகம் மோதும் சத்தம் கேட்டது. நான்கு வால்வுகள் வளைந்திருந்தன. கிராங்கை நிறுத்தும் ஊசியையும் கேம்ஷாஃப்டுகளைப் பூட்டும் பட்டையையும் கையில் வைத்துக்கொள்ளாமல் அந்தப் போல்ட்டைத் தொடக்கூடாது. கழற்றிய போல்ட்டை மறுபடி பயன்படுத்தவும் கூடாது.

இன்னொன்று: டியூராடெக்கை நெடுக்கே வைத்தால், நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் புகைக்குழாய்கள் ஸ்டியரிங் தண்டு இருக்கும் பக்கத்திலேயே வரும். வெப்பத் தடுப்புக்கு இடம் இருக்கிறதா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள்.

மறுமொழி – ரெடிங்

நான் மாற்றியவன் அல்லன், புதிதாகக் கட்டியவன். என் வண்டிக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை முழுவதுமாக வாங்கி, அதன் 1.8 எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல், வயரிங் அனைத்தையும் எடுத்துக்கொண்டேன். பின்சக்கர வண்டிக்காகவே நெடுக்கே பிறந்த எஞ்சின் என்பதால், அண்ணன் சொன்ன திருப்பச் சிக்கல் எதுவும் எனக்கு வரவில்லை. பிளாக் வார்ப்பிரும்பு, ஆகவே எடையில் லாபம் இல்லை. அதை நான் தெரிந்தே ஏற்றுக்கொண்டேன். புதிதாகக் கட்டும் வண்டிக்கு ஐவிஏ என்ற அரசு ஒப்புதல் சோதனை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே புகை அளவு எஞ்சின் தயாரான காலத்தைப் பொறுத்தது. புதிய எஞ்சினை வைத்தால் புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சாரும் ஒழுங்காக வேலை செய்தே ஆக வேண்டும். எஞ்சின் எண்ணையும் தயாரிப்புக் காலத்தையும் காட்டும் சான்றைத் தொடக்கத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

தொடக்கப் பதிவாளர்

கவென்ட்ரி நண்பருக்கும் ரெடிங் தம்பிக்கும் நன்றி. முன்பே கட்டிய வண்டியில் எஞ்சினை மட்டும் மாற்றுபவர்கள், புதிய எஞ்சின் எண்ணையும் சிசி அளவையும் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்துப் பதிவுப் புத்தகத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். வாங்கிய ரசீது இல்லாமல் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

கியர்பாக்ஸ் பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்கு: டைப் 9-இல் முதல் கியர் 3.65, இரண்டாவது 1.97. கனமான சியராவை நகர்த்த அமைத்த விகிதம் அது. நம் இலகுவான வண்டியில் முதல் கியர் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். இரண்டாவதுக்கு மாறும்போது எஞ்சின் வேகம் ஏறத்தாழப் பாதியாக விழுகிறது. நீளமான முதல் கியர் தொகுதியைப் போடுவதாக இருந்தால், எஞ்சின் வெளியே இருக்கும் இப்போதே கியர்பாக்ஸைத் திறந்துவிடுங்கள். நான் தள்ளிப்போட்டேன், வரும் குளிர்காலத்தில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் மறுபடி இறக்கப்போகிறேன்.