புதுப்பிப்பு: சிங்கப்பூர் வண்ண வீடுகள், எம்ஆர்டி (மெட்ரோ ரயில்), கேமரா

சிங்கப்பூரில் கார் இல்லாமல் வண்ண வீடுகளைப் படமெடுக்க எங்கே போகலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பாதிப் பேர் லிட்டில் இந்தியா, மீதிப் பேர் கிழக்குப் பக்கம் இருக்கும் ஜூ சியாட் என்றீர்கள். இரண்டுக்கும் போய் வந்தாச்சு.

லிட்டில் இந்தியா எம்ஆர்டியிலிருந்து கெர்பாவ் சாலைக்கு நடை கொஞ்சம்தான். 1900-ல் கட்டிய, டான் டெங் நியா என்ற சீன வணிகரின் வண்ண வீடு அங்கேதான். அழகுதான், ஆனால் செல்ஃபி கூட்டம் விலகினால்தானே படம்!

என் ஓட்டு ஜூ சியாட்டுக்கு. 2024 ஜூனில் மரீன் பரேட் நிலையம் திறந்ததிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம். அங்கிருந்து ஜூ சியாட் சாலை வழியே கூன் செங் சாலைவரை நல்ல நடை, குடை வேண்டும். பெரனாக்கான் (சீன, மலாய்ப் பண்பாடு கலந்த சமூகம்) வீடுகள் இளம்பச்சை, ரோஜா, நீலம் என வரிசையாக நிற்கின்றன. கிட்டே போனால் சன்னலுக்குக் கீழே பூவேலை ஓடுகள், வாசலில் செதுக்கிய அரைக்கதவு. ஒரு ஓட்டின் விரிசலுக்கே நெடுநேரம் நின்றேன்.

உச்சிவெயிலில் நிறமெல்லாம் வெளுத்துவிடும், காலையிலேயே போங்கள். ஆட்கள் குடியிருக்கும் வீடுகள், படியேறி போஸ் கொடுக்காதீர்கள். எந்த லென்ஸ் என்று கேட்டவருக்கு: 35 மி.மீ. போதும்.