வெளிநாட்டு நிதியுடன் வரும் நல்லிணக்கத் திட்டத்தில் சேரும் முன் எவற்றைக் கேட்க வேண்டும்?

கேள்வி (படுவான்கரை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை):
எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தை 18 மாத நல்லிணக்கத் திட்டமொன்றில் பங்காளியாகச் சேருமாறு அழைத்திருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பின்னும் 2007 இல் மக்கள் மீளக்குடியேறிய போதும் எத்தனையோ திட்டங்கள் வந்து போனதைக் கண்டவர்கள் எங்கள் உறுப்பினர்கள், ஆகவே தயங்குகிறார்கள். போருக்குப் பிந்திய நாடுகளில் வெளிநாட்டுப் பங்காளிகளின் உதவி எப்போது நிலைக்கிறது? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1 (மட்டக்களப்பு, ஓய்வுபெற்ற திட்டமிடல் உத்தியோகத்தர்):
தங்கச்சி, மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கும் ‘பாதை’ என்ற மிதவைப் படகுக்காகக் காத்து நின்ற காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். ஜப்பானின் நன்கொடையில் கட்டப்பட்டு 2014 இல் திறக்கப்பட்ட பாலம் இன்றும் படுவான்கரையையும் கிழக்குக் கரையான எழுவான்கரையையும் இணைக்கிறது. இந்திய வீடமைப்புத் திட்டத்திலோ புதிய வீடொன்றுக்கு 5,50,000 ரூபாய் கட்டங்கட்டமாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே வந்தது. மணல் வாங்கியதும் மேசனைப் பேசியதும் வீட்டுக்காரர்தான். அந்தத் தொகை போதாமல் கடன்பட்டவர்கள் பலர், அதிலும் பெண்கள் தலைமை தாங்கிய குடும்பங்கள் மிகவும் நொந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் முடிவெடுக்கும் உரிமை பயனாளியிடம் இருந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பணத்தால் ஆகாததும் உண்டு. 2003 ஜூனில், இலங்கைக்கு உதவி வழங்குவோரின் டோக்கியோ மாநாட்டில் சுமார் 450 கோடி டொலர் வாக்களிக்கப்பட்டு, அது சமாதான முயற்சியின் முன்னேற்றத்துடன் பிணைக்கப்பட்டது. விடுதலைப் புலிகள் அம்மாநாட்டில் கலந்துகொள்ளவில்லை, சில ஆண்டுகளில் போரும் மீண்டது. அரசியல் உடன்பாடு இல்லாத இடத்தில் உதவித்தொகை அதன் வேலையைச் செய்யாது.

பதில் 2 (அக்கரைப்பற்று, விவசாயி):
சகோதரிக்கு, எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) மேல்வாய்க்காலில் தமிழரும் கீழ்வாய்க்காலில் முஸ்லிம்களும் வயல் செய்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் எங்களை விடுதிக்கு அழைத்து, இரண்டு நாள் ஒற்றுமைப் பயிற்சி தந்து, சான்றிதழும் வழங்கியது. திரும்பி வந்த போகத்திலேயே தண்ணீர்ச் சண்டை மூண்டது. பின்பு வேறொரு திட்டத்தினர் வந்தபோது, பயிற்சி வேண்டாம், உடைந்த மதகைத் திருத்துங்கள் என்று இரு பக்கத்தாரும் சேர்ந்தே கேட்டோம். மதகு திருத்தப்பட்டது, முறைத்தண்ணீர் எந்த நாளில் யாருக்கு என்பதைப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் நாங்களே பேசி எழுதிக்கொண்டோம், அந்த எழுத்து இன்றும் செல்லுபடியாகிறது. உங்கள் ஊரில் இரு சமூகத்துக்கும் பொதுவான தேவை எது என்பதை முதலில் நீங்களே தீர்மானித்துச் சொல்லுங்கள்.

பதில் 3 (கல்முனை):
2025 இல் அமெரிக்கா தனது வெளிநாட்டு உதவித் திட்டங்களில் பெரும்பாலானவற்றை இடைநடுவில் நிறுத்தியது. ஆகவே, நிதி நின்றால் சங்கம் ஏற்ற பொறுப்புகளுக்கு யார் பதில் சொல்வது, ஊரவர் கணக்கைப் பார்க்கலாமா, வாங்கும் பொருட்கள் பின்பு யாருக்கு உரியவை என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். உடன்படிக்கையின் வரைவைத் தமிழில் தந்திருக்கிறார்களா?